இரண்டு காலுக்கான எண்ணெய்

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. போனில் சொன்னால் உன் அம்மா காதை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் பிழையோ கிழையோ, நானே எழுதுகிறேன்.

நீ விழுந்த பழைய மோட்டார் சைக்கிளை உன் அப்பன் பிரித்துவிட்டான். இரண்டு வருஷமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததைப் போன வாரம் விற்கலாம் என்று ஒருவனை வரவழைத்தான். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினான். முன்பக்கம் பாதி இறங்கி, கல்லில் இடித்த மாதிரி நின்றுவிட்டது. இது வண்டியா, முழங்கால் போன கிழவியா என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த மூஞ்சி எனக்கு மறக்காது.

அவன் போனதும் உன் அப்பன் முன் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் இரண்டு கால்களையும் உருவினான். இடது காலைக் கவிழ்த்தால் ஒரு கரண்டி கறுப்பு எண்ணெய்தான் வந்தது. வலது காலில் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது டப்பா கேட்டான். பிறகு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நீ விழுந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் எண்ணெய் மாற்றியவன் அவன்தானே. இரண்டு காலுக்கான எண்ணெயையும் ஒரே காலில் ஊற்றியிருக்கிறான்.

பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் அமுங்காமல் முட்டித் தூக்கிப் போட்டது என்று நீ அன்றைக்கே சொன்னாய். தோள் எலும்பு உடைந்து படுத்திருந்த பிள்ளையிடம், வேகமாகப் போய் விழுந்துவிட்டு வண்டியைக் குறை சொல்கிறாயா என்று கேட்டான் உன் அப்பன். உன் அத்தை நான்கு ஆப்பிளோடு பார்க்க வந்து, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆட்டம் என்றாள். அதில் இரண்டை அவளே தின்றாள். என் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனாலும் அன்றிலிருந்து அவள் வந்தால் நான் காபி போடுவதில்லை.

இடையில் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த வாரம் முழுக்க உன் அப்பனுக்கு வண்டி வேலைதான். பழைய ஸ்பிரிங் புதியதைவிட ஒரு விரல் குட்டையாகிப் போயிருக்கிறது. குழாய் இரண்டிலும் துரு. லேத்துக்காரர் தேய்த்துத் தருகிறேன் என்றார், இவன் கேட்கவில்லை, புதிதாகவே வாங்கினான். எண்ணெய் கசியாமல் பிடிக்கிற சீலும் புதிது. இன்று காலை அளந்து ஊற்றினான். ஊற்றிய காலில் சாக்பீஸால் ஒரு கோடு. அம்மா, கோடு எந்தக் காலில் இருக்கிறது, சரியாகப் பார்த்துச் சொல் என்று என்னை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

மூன்றாவது தடவை சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன். எண்ணெய் மாற்றிய அந்தச் சாயங்காலம் அவன் வலது காலில் ஊற்றி முடித்த நேரம், பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தா என்று கூப்பிட்டவள் நான். அந்தப் பெட்டிக்கு ஓர் அவசரமும் இல்லை. பாதியில் எழுந்து வந்தவன், திரும்பிப் போய் அதே காலில் ஊற்றியிருக்கிறான். அவனுக்கு அது நினைவில்லை. எனக்கு இருக்கிறது. இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அவரவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். நான் சொன்னதை எழுதவில்லை. பொய் சொல்லாதேடி என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

வண்டி தயார். அவன் இன்னும் அதில் ஏறவில்லை. துடைத்துத் துடைத்து நிறுத்துகிறான். நான் எழுதுவது யாருக்கு என்று கேட்காமல், மை தீர்ந்த பேனாவை எடுத்துக்கொண்டு வேறு பேனா வைத்துவிட்டுப் போனான்.

ஒரு நாளைக்காவது வந்து போ கண்ணு. அவனைத் திட்டு, பிறகு என்னையும் திட்டு. பெட்டி விஷயத்தை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்னால் சொல்ல முடியும். நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும்.

வரும்போது உன் ஹெல்மெட்டை எடுத்து வா.

உன் பாட்டி