இளவரசிக்கு முன்பே கேள்விகளை உண்ட வேம்பனார் விடுத்த ஓலை

மழை நாள் தப்பாது பெய்க; மாடு உதையாது கறக்க; உலையில் ஏறியது கருகாது இறங்குக.

நெடுவரை நாட்டு அரண்மனையின் முதற்கவளத்தார், மூன்று அரசர்க்கு முன்னே உண்டு முப்பத்தொன்பது ஆண்டாய் இன்னும் சாகாதிருப்பவர், நஞ்சறி நாவினர், அடுக்களை ஏழுக்கும் காவலர் வேம்பனார், அரசர் தும்பையர்கோன் ஆணைப்படி, தென்கடல் நாட்டுப் பேரமைச்சர், அலையடங்கு துறைகளின் தலைவர் வளவதரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் உப்பளம் வெளுக்க, தோணிகள் கரை சேர, தங்களுக்குச் செரிமானம் குறையாதிருக்க. இதனை வேம்பனார் சொல்ல, ஓலை எழுதுவோன் செந்தட்டியான் எழுதுகிறான். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், பூசி மெழுகினால் விரலை உலையில் வைப்பேன் என்பது அவர் இட்ட முதற்கட்டளை.

இக்காலத்து மனிதருக்கு அளக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதை முதலில் எழுதச் சொல்கிறார். நெல்லை அளந்தார்கள், சரி. நிலத்தை அளந்தார்கள், வெட்டுக்குத்துக் குறைந்தது, அதுவும் சரி. இப்போது பிள்ளையின் மண்டைக்குள் இருப்பதை மரக்கட்டை வைத்து அளப்போம் என்று ஒரு கூட்டம் பெட்டி தூக்கிக்கொண்டு திரிகிறது. முன்பெல்லாம் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் ஏறவில்லை, அவ்வளவுதான். பசித்தால் வந்து சாப்பிடும். இப்போது அதற்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஓர் ஓலை, அந்த ஓலைக்கு ஒரு பட்டு உறை. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றையும் அதனோடு மதியளவர் பரவைநங்கையாரையும் அனுப்பிவைத்தவர் தாங்களே ஆதலால், விளைந்ததையும் தாங்களே கேட்டுக்கொள்வீராக.

எங்கள் இளவரசி அல்லியங்கோதைக்கு வயது ஒன்பது. மூன்றாண்டு பாடம் கேட்டும் ஓலையில் நாலு வரி வாசிக்க வரவில்லை. அரண்மனை ஆசான் கொழுந்தீசர், இக்குழந்தை மந்தம், இதற்கு முடிப்பட்டம் கட்டினால் நாடு தாங்காது, தைப் பௌர்ணமியில் கட்ட வேண்டிய பட்டத்தை இளவரசியின் சிற்றப்பன் மகனுக்கே கட்டிவிடலாம் என்று அரசரிடம் விண்ணப்பித்தார். அந்தச் சிற்றப்பன் மகன் எதைக் கொடுத்தாலும் மழைபோல் ஒப்பிப்பான். பொருள் கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பான். அரசருக்கு மனம் ஒப்பவில்லை. மந்தமா இல்லையா என்று அளந்து பார்த்த பின் முடிவெடுப்போம் என்றார். அதனால்தான் தங்கள் பெட்டி வந்தது.

பெட்டி திறந்த அன்றே ஆசான் எழுந்து நின்றார். அடுக்களை நிலைப்படியில் வெட்டியிருக்கும் பழைய ஆணையைச் சபையறியச் சொன்னார்: அரச மகவின் உள்ளே செல்வது எதுவாயினும் முதற்கவளத்தாரின் உள்ளே முதலில் சென்று, ஒரு நாழிகை கழிந்தும் அவர் உயிரோடிருந்தால் மட்டுமே மகவுக்குச் செல்லுக. கேள்வியும் உள்ளே செல்வதுதானே என்றார் ஆசான். அரசர் வெகுநேரம் யோசித்து, ஆம் என்றார். இந்த ஊரில் அரசர் யோசித்துச் சொன்னதை யாரும் மறுப்பதில்லை.

ஆகவே நாற்பத்திரண்டு கேள்விகளும் முதலில் வேம்பனாருக்கு வந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் விடை சொல்லி, ஒரு நாழிகை உட்கார்ந்து, மருத்துவர் வந்து நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, கேள்வியில் நஞ்சில்லை என்று முழங்கிய பின்பே அடுத்த அறையில் இருந்த இளவரசியிடம் அது சென்றது. ஒரு முற்பகலில் முடிய வேண்டியது ஒன்பது நாள் ஆயிற்று. வேகமாய்ச் சொல்ல வேண்டிய விடைகளுக்கென்று பரவைநங்கையார் ஒரு மணற்கடிகை கொண்டுவந்திருந்தார். அந்த மணலையும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேம்பனார் உள்ளே விட்டார்.

மரக்கட்டைகளை நக்கிப் பார்த்தது குறித்து அம்மையார் தங்களிடம் முறையிடக்கூடும். நக்காமல் எப்படி விடுவது? சிவப்புக் கட்டை அரக்கு நாற்றம் நாறியது. புளி போட்டுத் தேய்த்து அலசச் சொன்னார். சாயம் போய்க் கட்டை வெளுத்துவிட்டது. பிறகு சிவப்பை வைத்துக் கோலம் அமைக்கச் சொன்னபோது, இதில் சிவப்பு இல்லையே என்று இளவரசி ஒருத்திதான் கேட்டாள். மற்ற எல்லாரும் வெள்ளைக் கட்டையைச் சிவப்பென்றே பேசிக்கொண்டிருந்தோம்.

கேள்விகளாவது உருப்படியாய் இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. ஏரியும் கடலும் எவ்வகையில் ஒத்தன என்று கேட்டார்கள். இரண்டிலும் மீன் உண்டு, ஒன்றின் மீனுக்கு உப்புக் குறைத்துப் போட வேண்டும் என்று வேம்பனார் சொன்னார். ஒரு நாழிகை கழித்து அதே கேள்விக்கு இளவரசி, இரண்டுமே தம்முள் விழும் மழைத்துளியை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும் என்றாளாம். இதற்கு அம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்திருந்தாராம். மீன் விடைக்கு அப்படி யாரும் பார்க்கவில்லை.

எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னபோது மட்டும் வேம்பனார் ஒன்பது எண்ணையும் பிசகாமல் சொன்னார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டால், பாயசத்தில் தொடங்கிப் பருப்பு வரை நாற்பது பண்டத்தையும் பின்னோக்கி நினைவுகூர்வது அவர் தொழில். இளவரசியும் ஒன்பது சொன்னாள். பத்தாவது ஒன்று தாருங்கள் என்றும் கேட்டாள்.

பின்னர் வாசிக்கும் ஓலை வந்தது. வேம்பனார் கண்ணில் அடுப்புப் புகை என்றார். அடுப்பு எட்டு வாயில் தள்ளி இருந்தது. அம்மையார் அதட்டவில்லை, எழுத்துகள் தங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன ஐயா என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்பது ஆண்டில் அவரிடம் இதை எவரும் கேட்டதில்லை ஆதலால் வாய் தவறிவிட்டது. எழுத்து எங்கே அம்மா நிற்கிறது, வெல்லம் கண்ட எறும்பு போல அல்லவா ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். சொன்னதும் செந்தட்டியானிடம் அதை எழுதாதே என்றார். அதற்குள் எழுதியாகிவிட்டது.

ஒரு நாழிகை கழித்து அடுத்த அறையில் இளவரசியும் எறும்பு என்றாள். ஆசான் கோலால் தட்டும்போது அவை இன்னும் வேகமாய் ஓடுகின்றன என்றும் சொன்னாள்.

ஆசான் கொழுந்தீசர் குதித்தெழுந்தார். கிழவர் விடையை ஊட்டிவிட்டார், அளவு முழுவதும் எச்சில் பட்டுவிட்டது, இதைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பட்டத்தைச் சிற்றப்பன் மகனுக்கே கட்டுக என்று முறையிட்டார். அரசர் முகம் வாடிற்று. அப்போது பரவைநங்கையார் சபையில் தந்த மறுமொழியை வேம்பனார் இன்னும் மன்னிக்கவில்லை. ஐயாவின் விடைகளில் முப்பத்தெட்டு தவறு, குழந்தையின் விடைகளில் முப்பத்தொன்பது சரி, இவரிடம் திருடியிருந்தால் குழந்தை இந்நேரம் தோற்றிருக்கும் என்றார் அந்த அம்மாள். சபை சிரித்தது. அரசரும் மீசைக்குள் சிரித்ததை வேம்பனார் கண்டார்.

அதன்பின் அம்மையார் முடிவை ஓதினார். இளவரசி மந்தமல்லள், அவளது மதி தன் வயதை ஐந்தாண்டு முந்தி ஓடுகிறது, எழுத்தைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான் அவளுக்கு இயலாதது, காதால் பாடம், மணல்தட்டில் விரலால் எழுத்து, கொஞ்சம் கூடுதல் பொழுது, இவை போதும், கோல் வேண்டாம். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். வேம்பனாருக்கும் அதே எறும்பு நிலைதான் என்று, யாரும் கேளாமலே, இரண்டாவது ஓலை ஒன்றைப் பட்டு உறையில் இட்டு நீட்டினார். முதற்கவளத்தாரின் கடமை சாவது அல்லது சாகாதிருப்பது. அவரை அளக்க எவன் ஆணையிட்டான்?

ஆயினும் ஆசான் விடவில்லை. பட்டம் கட்டும்போது உறுதிமொழி ஓலையை ஏந்திச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எறும்பு ஓடும் கண்ணால் எப்படிச் சொல்வாள் என்று கேட்டார். இளவரசி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்பனார் எழுந்தார். அந்த ஓலை எனக்குள் சென்றாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியானால் இப்படிக் கொடு என்றார். ஓலையைப் பரவைநங்கையாரிடம் தந்து இருமுறை ஓதச் சொல்லிக் கேட்டார். ஒரு நாழிகை சாகாமல் அமர்ந்திருந்தார். மருத்துவர் நாக்கைப் பார்த்தார். பிறகு வேம்பனார் சபைக்குச் சொன்னது: வாய்வழி சென்ற உணவை வாய்வழியே கொடுக்கிறோம், காதுவழி சென்ற ஓலையைக் காதுவழியே கொடுப்பதுதான் முறை, ஆசானுக்குத் தெரியாத முறையா? இவ்வாறு சொல்லி இளவரசியின் காதில் ஒரே முறை ஓதினார்.

பௌர்ணமியன்று அவள் ஓலையை ஏந்தி நின்று அறுபது வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஓலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். கயிற்றுத்துளை இருந்த பக்கத்தை வைத்து வேம்பனாருக்கே அது தெரிந்தது. ஆசானும் கண்டு வாயைத் திறந்தார். இளவரசியின் உள்ளே செல்ல வேண்டிய சொல் முதலில் தமக்குள் வர வேண்டும் என்பதை வேம்பனார் ஒரு பார்வையால் நினைவூட்டினார். திறந்த வாய் மூடிற்று. பட்டம் கட்டியாயிற்று.

ஆகவே அரசர் ஆணை யாதெனில், மதியளவர் பரவைநங்கையார் இன்னும் மூன்றாண்டு இங்கேயே இருந்து இளவரசிக்குப் பாடம் சொல்க; ஆசானின் கோல் அடுக்களை அடுப்புக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் அவர் அதைத் திருப்பிக் கேளாதிருக்க; வெளுத்த சிவப்புக் கட்டைக்கு மாற்றாக அரக்கு நாறாத ஒன்றை அனுப்புக. வேம்பனார் தம் பங்குக்குச் சொல்வது, அந்த இரண்டாவது பட்டு உறை இவ்வோலையோடு திரும்பி வருகிறது, பெற்றுக்கொள்க. அதைப் படித்துக் காட்டவா என்று கேட்ட செந்தட்டியானுக்கு வசவு கிடைத்தது. பிள்ளை கெட்டிக்காரி என்பது ஒரு கட்டையும் இல்லாமலே, பத்து அடி தள்ளி நின்று குழம்பில் பெருங்காயம் கூடிற்று என்று அவள் சொன்ன நாளிலேயே தமக்குத் தெரியும் என்கிறார்.

நெடுவரை நாட்டு அகப்பை முத்திரை, வேம்பனார் கையால் மெழுகில் ஊன்றப்பட்டது. இதனைக் கண்டவர் கண்டபடி செய்க. செய்யாதார் வீட்டுச் சோறு குழைக.

முத்திரை ஊன்றியபின் நடந்ததைச் செந்தட்டியான் ஓலையின் ஓரத்தில் எழுதுகிறான். கூடத்தில் பரவைநங்கையார் இரண்டு மணல்தட்டு வைத்திருந்தார். ஒன்றின் முன் இளவரசி உட்கார்ந்து, மற்றதைக் காட்டி, வாரும் வேம்பனாரே, இதன் மேல் எறும்பு ஓடாதாம் என்று அழைத்தாள். அவர் வந்து நின்றார். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, ஒரு நாழிகை முழுவதும் நின்றபடியே பொறுத்திருந்தார். நஞ்சில்லை, நீ எழுது என்று அவளிடம் சொன்னார். பயனும் இல்லை என்று தூணைப் பார்த்துச் சொல்லித் துப்பிவிட்டு, அடுக்களைப் பக்கம் நடந்துபோனார்.