தாளி என்றாய், தாலி என்று கேட்டேன்

அன்புள்ள என் ரத்னா அக்காவுக்கு,

ஜூஜுவாடியிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் உன் சீட்டில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். காதில் ஹெட்போன், கேட் வரைக்கும் தூக்கம். எனக்குப் பேச ஆளில்லை, அதனால்தான் கடிதம்.

ஜேக்கப்பின் வலது கையில் பிரஸ் மெஷின் இறங்கிய அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்த புதுசு. உன் கன்னடம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நீ பதறியடித்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "தாளி, ஸ்வல்ப தாளி" என்றாய்.

எனக்கு வந்ததே கோபம்! "அவுகளுக்குக் கையிலதான அடி? என் தாலியப் பத்தி எதுக்குப் பேசுத?" என்று கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "அய்யோ தேவரே! எங்க பாஷையில கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொன்னேன்மா" என்று நீ அழவே ஆரம்பித்துவிட்டாய். அந்த நேரத்திலும் நர்ஸுக்குச் சிரிப்பு.

மூன்று விரல்கள் போயின. வீட்டுக்கு வந்த ஜேக்கப் பைபிளைத் தொடவில்லை. சோதனை வந்தால்தான் விசுவாசம் பக்குவப்படும் என்றார் பாஸ்டர். "என் கைய எடுத்துக்கிட்டாருல்லா? இனி எதக் கூப்பி அவரக் கும்பிட?" என்று இவர் கேட்டார். பாஸ்டர் டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சபையை நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நீ மட்டும் ஒன்றும் போதிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் ராகிக் களி கொண்டுவந்தாய். இடது கையால் சாப்பிட அதுதான் சுலபம் என்றாய்.

அப்புறம் உனக்கே கேன்சர் வந்தது. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் தமிழிலேயே சொன்னாய்: "தாளல எஸ்தர்." ஆடிப்போய்விட்டேன். என்னைத் தாளச் சொன்னவளே இப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்? ஆண்டவரிடமும் அதையே சொல்லி ஜெபித்தாய். அதைச் சொன்ன வாயோடு, "ஜேக்கப் சாப்பிட்டாரா?" என்றும் கேட்டாய்.

தாங்குவதென்றால் வலிக்காத மாதிரி இருப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். முடியவில்லை என்று ஆண்டவரிடம் முறையிட்டுக்கொண்டே அவரை விடாமலும் இருக்கலாம் என்று உன்னிடம்தான் பார்த்தேன். உன்னை ஏன் எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை அக்கா. கோபத்தோடேதான் சபைக்குப் போகிறேன்.

ஜேக்கப்புக்கு அதே கம்பெனியில் ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சபைப் பக்கம் இன்னும் வரவில்லை. போன வாரம் சாமல்பட்டிக்காரர் ஒருவருக்கும் பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டது. இவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், இடது கையில் ஸ்பூனைப் பிடித்து அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறார். நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணு" என்றார். "நீங்களே பண்ணுங்களேன்" என்றேன், வாய்த்துடுக்கில்.

கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு மிச்சமிருந்த இரண்டு விரல்களை இடது கையோடு சேர்த்து வைத்து, "ஆண்டவரே, அவனுக்கு வலி கொறையட்டும். நம்ம சண்டைய அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார்.

ஆமென் நான்தான் சொன்னேன். இனி அவரைச் சபைக்கு வாங்க என்று நச்சரிக்க மாட்டேன், இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. அவரும் ஆண்டவரும் பேசித் தீர்க்கட்டும். எத்தனை வருஷமானாலும் நான் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
எஸ்தர்