வெள்ளரி விதைக்கு ஐஸ்

இன்று மதியம் வெள்ளரிக்காய் நறுக்கினேன். கத்தி பட்டதும் எழுந்த பச்சை வாசனையில் உன் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருடம். ஆனாலும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நாம் முதுகலை படித்தபோது, இந்த வாசனையை உண்டாக்கும் நொதியைத்தானே ஆய்வுக்கு எடுத்தோம்? முளைக்கும் விதைக்குள், ஆக்சிஜன் ஏறிய கொழுப்பு அமிலத்தைத் துண்டாக்குவது அதன் வேலை. உன் ஊரான எப்போதும்வென்றானில் உன் அப்பா பருத்திக்கு ஊடே போட்ட வெள்ளரியின் விதைகளை நீ கொண்டுவந்தாய். இரண்டு முறை முளைகட்டி, அரைத்து, வடித்தோம். இரண்டு முறையும் சித்திரை வெக்கையில் நொதி செயலிழந்தது. இன்னொரு முறை தவறினால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் முறை வடித்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. குளிர்பெட்டியில் குளிர்ச்சி குறையக் குறைய எனக்கு அழுகை முட்டியது. நீயோ வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாய். நானும் பின்னால் ஓடிவந்தேன். சைக்கிளில் போன ஐஸ்காரரை மறித்தாய்.

“அண்ணாச்சி, பெட்டியில கெடக்குத ஐஸ்கட்டி பூராவும் வேணும். ஒரு உயிரக் காப்பாத்தணும்.”

அவர் பதறிப்போனார். “யாருக்கும்மா, என்ன ஆச்சு?”

“வெள்ளரி விதைக்கு.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஐஸை வாளியில் கொட்டிவிட்டு, “வெளங்கும்படியா சொல்லுங்க” என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“எண்ணெ நாள்பட்டா காறல் வாடை வருதுல்லா அண்ணாச்சி? காத்துபட்டுக் கெட்ட கொழுப்பு அது. அதத் துண்டு துண்டா வெட்டுத கத்திரி ஒண்ணு விதைக்குள்ள இருக்கு. வெக்கையில அது மழுங்கிரும்.”

“ஏட்டி, ஐஸ் உருகுது!” என்று நான் கத்தினேன். அவருக்குப் புரியும்வரை நீ நகரவே இல்லை.

வடித்த சாற்றை ஐஸில் புதைத்துவைத்துக் காத்திருந்தோம். நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. கருவியில் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது; கொழுப்பு உடைகிறது என்று அர்த்தம். “இறங்குதுட்டி!” என்று நீ போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது. மறுநாள் கல்லூரி வாசலில் ஐஸ்காரர் காத்திருந்தார்.

“அந்தக் கத்திரி பிழைச்சுட்டாம்மா?”

“பிழைச்சுட்டு அண்ணாச்சி!”

அவருக்கு நம்மைவிடச் சந்தோஷம். ஆளுக்கொரு சேமியா ஐஸ் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, “கம்பு மாவு நாலு நாள்ல கசந்துபோவுதே, ஏன்னே தெரியல” என்றார். அதுவும் கொழுப்பு கெடுகிற கதைதானே, சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கக் கேட்க எனக்கும் உற்சாகம். கழுகுமலையில் இறங்க வேண்டியவள், சங்கரன்கோவிலில் போய் இறங்கினேன்.