சத்தம் வருகிற கேமரா

அன்பு மகன் கோகிலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அந்த டப்ளின் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உள்ளதையே எழுதுகிறேன். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வலிக்கு மட்டும் கொடுக்கிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளியைப் பார்ப்பேன், தைப்பூசம் சந்தேகம்தான். போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, ஸ்பீக்கரைப் போட்டு அவரே பேசுகிறார். அதனால்தான் கம்பாரிலிருந்து வந்திருக்கும் உன் தங்கை விமலாவிடம் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்கிறேன்.

அப்பா கேமரா வாங்கப் போகிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து என்னை ஒரு படம் எடுக்காத மனுஷன், இப்போது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் உன் பெரியம்மா வீரம்மா தவறியபோது வேறு படமே இல்லாமல் ஐசி அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அக்கா திருடிப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஈப்போ கடையிலிருந்து இரண்டு கேமராவின் விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். ஒன்று கையடக்கம், சத்தமே வராதாம். இன்னொன்று கொஞ்சம் கனம், அமுக்கினால் டக்கென்று கேட்குமாம். இரண்டிலும் படம் நன்றாகத்தான் விழும் என்றாராம் கடைக்காரர். இவருக்குச் சத்தமில்லாததில்தான் மனசு. "நீ தூங்கறப்ப எடுத்துக்கலாம்லா, ஒனக்குத் தொந்தரவு இருக்காது" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது தம்பி. அந்த மருந்தைக் குடித்துப் பாதி நாள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன், அந்தக் கோலமா சுவரில் தொங்க வேண்டும்? சத்தம் வந்தால் முதல் டக்கிலேயே விழித்துக்கொள்வேன், முகத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொள்வேன். இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. படம் எதற்கென்று எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எது நல்லது என்று உன்னைக் கேட்பார், நீ சொன்னால் அவருக்கு வேதவாக்கு. கனமானதையே சொல், ஏதாவது காரணம் கண்டுபிடி. அதிலும் சத்தத்தை நிறுத்தலாம் என்கிறாள் விமலா, அதை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதே.

லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இருவரும் பிள்ளை பெற்றுப் பல்லாண்டு வாழ முருகன் துணையிருப்பான். கனமானது, மறந்துவிடாதே. என்றைக்கு நீ இந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அம்மா கண்ணைத் திறந்து உன்னைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
நவமணி