மகளின் களப்பணியும் எதிர்த்தரப்பினனாகிய நானும்

ஜூலை 3, வியாழன்

1. இதை எழுதுபவன் ஐம்பத்து நான்கு வயதுடைய, பத்திரங்களும் ஒப்பந்தங்களும் வரைந்து கொடுக்கும் வழக்கறிஞன்.

2. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட இந்த அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினொரு ஆண்டுகளாகச் செயலாளன். போட்டி இருந்ததில்லை. சங்க விதிகளை வரைந்தவனும் நானே.

3. நான் குடியிருக்கும் வீடு என் மனைவியின் பெயரில் உள்ளது. தொழிலில் என்மீது வழக்கு ஏதும் வந்தால் வீடாவது தப்பட்டும் என்ற முன்னெச்சரிக்கை.

4. ஒரே மகள். சட்டம் படிப்பாள் என எதிர்பார்க்கப்பட்டது. ‘தலைமைத்துவமும் குடிமைப் பங்கேற்பும்’ என்னும் இளங்கலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள்.

நான்காம் பத்தியே இன்றைய தொல்லைக்கு மூலம். சங்க விதிகளையும் பதினொரு ஆண்டுப் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பேட்டையும் கேட்டாள். களப்பணியாம்.

“யாரு பேசுறாங்கன்னு எல்லாரும் பாப்பாங்கப்பா. யாரு பேசலன்னு நாங்க பாக்கணும். அதுல ஒருத்தரையாவது பேச வைக்கணும். அதுக்குத்தான் மார்க்.”

“பேசாம இருக்கிறது அவங்க உரிமை.”

“அதையும் அவங்க வாயாலயே சொல்லட்டுமே.”

உறுப்பினர் எழுத்தில் கேட்டால்தான் குறிப்பேடு காட்டப்படும் என்றேன். பத்து நிமிடத்தில் ஒரு தாள் வந்தது. கீழே என் மனைவியின் கையெழுத்து. கொடுத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அவளுடைய பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். கூட்டம் நடத்துவது, காது கொடுத்துக் கேட்பது, நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தை வாசிப்பது, அக்கம்பக்கத்தாரை ஒன்றுதிரட்டுவது. மூன்று ஆண்டில் ஒரு தாளில்கூடக் கீழ்ப்படிதல் பற்றிப் பாடம் இல்லை.

குறிப்பேட்டை வாசித்தவள் நடுவில் சிரித்தாள்.

“எல்லா வருஷமும் கடைசி வரி ஒண்ணாவே இருக்கே. ‘பிற பொருள்களும் விவாதிக்கப்பட்டன.’ அது என்னப்பா பிற?”

“மரபு.”

“மரபு பேசுமா?”

மனைவி சமையலறையிலிருந்து, “ஃபீஸ் கட்டினது யாரு? சொந்தச் செலவுல சூனியம்” என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

இருபதாம் தேதி பொதுக்குழு. அன்றே செயலாளர் தேர்வு. இப்பதவியால் எனக்கு ஆதாயம் ஏதுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இந்த நாட்குறிப்பில் பொய் எழுதுவதற்கில்லை: இப்பதவி போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு அழைப்பு மணியை அழுத்த ஆள் இருக்காது.

ஆகவே, மகள் யாரைப் பேச வைக்கப்போகிறாள் என்று ஆராய்ந்தேன். ஐயம் மூன்றாம் மாடித் தையற்கார அம்மாள்மீது விழுகிறது. வீடு வாங்கிக் குடிவந்து ஐந்தாண்டுகள், கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. மகள் இந்த வாரம் இரண்டு முறை அங்கே போனாள். அளவு கொடுக்கவாம். கையில் துணி இல்லை.

ஜூலை 12, சனி

முந்திக்கொண்டேன். வாசலில் பெயர்ப்பலகை வைக்க அந்த அம்மாள் கொடுத்த மனு இரண்டாண்டுகளாகப் பரிசீலனையில் இருந்தது. இன்று நேரில் சென்று அனுமதி வழங்கினேன்.

“என்ன சார் திடீர்னு? வக்கீல் சிரிச்சா பின்னாடியே பில்லு வரும்பாங்க.”

“வேறு குறை ஏதும் உண்டா?”

“மாடிக் கதவத் தொறந்து விடுங்க. ஈரத்துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே தொங்குது. தைக்கிறதா, துணிக்குள்ள நீந்துறதா?”

மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைத்திருப்பவன் நான். யாரேனும் விழுந்தால் சங்கம் பொறுப்பாகும். கைப்பிடிச் சுவர் நெஞ்சளவு உயரம் என்பது உண்மையே. இருப்பினும் ஏறி நின்று விழக்கூடியவர்களைச் சட்டம் கணக்கில் கொண்டாக வேண்டும். பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

நான் அறைக்குள் நுழைந்தால் மனைவியும் மகளும் உடனே வானிலை பேசுகிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நான்கு மணி, கீழ்த்தள அறை. பத்தொன்பது உறுப்பினர்கள். மகளும் அவள் வகுப்புத் தோழிகள் மூவரும் பார்வையாளர்கள். நான் எது சொன்னாலும் தலையாட்டுவதால் என் மகள் ‘ஆமாஞ்சாமி’ என்று பெயர் சூட்டியிருக்கும் பொருளாளர், வழக்கம்போல் என்னை முன்மொழிந்தார். வழிமொழிய வேண்டியவருக்கு இருமல் வந்தது. அந்த இடைவெளியில் என் மனைவி எழுந்தாள்.

“ஒரு நிமிஷம். எனக்குப் பதிலா சங்கத்துல இருக்கச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் குடுத்திருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன்.”

விதி 4: வீட்டின் உரிமையாளரே உறுப்பினர். அவர் எழுத்தில் அதிகாரம் அளித்தால் குடும்பத்தில் ஒருவர் அவருக்காகச் செயல்படலாம். அந்த அதிகாரத்தை எந்நேரமும் திரும்பப் பெறலாம். பதினொரு ஆண்டுகளாக நான் நின்றுகொண்டிருந்தது அந்த ஒற்றைத் தாளின்மீது. அது எனக்கே மறந்துவிட்டிருந்தது.

நீட்டிய கடிதத்தை வாங்கிப் படித்தேன். தேதி, விதி எண், கையொப்பம். குற்றம் கண்டுபிடிக்க முழுதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். இல்லை.

“அப்போ சார் இப்ப யாரு?” என்றார் ஆமாஞ்சாமி.

விதிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன். “உறுப்பினர் அல்லாதவர்.”

“உறுப்பினர் இல்லாதவங்க தேர்தல் நேரத்துல வெளிய இருக்கணும். விதி பதினாலு” என்று ஒரு குரல். தையற்கார அம்மாள். ஐந்தாண்டு மௌனத்துக்குப் பின் வந்த முதல் வாக்கியம்.

விதி 14 பார்வையாளர்களுக்கும் பொருந்தும். ஆகவே மாணவிகளும் நானுமாக மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம்.

“உங்கம்மா எழுந்து பேசினதுக்கு உனக்கு மார்க் உண்டா?” என்றேன்.

“சந்தேகம்தான்பா. பேசாதவங்களத்தான பேச வைக்கணும்? அம்மா பேசாதவங்க இல்லையே.”

“எந்த வருஷம் பேசினா?”

“எல்லா வருஷமும். மாடிக் கதவத் தொறக்கச் சொல்லி. அந்த ‘பிற’ யாருன்னு வீடு வீடாப் போயிக் கேட்டேன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.”

உள்ளே கைதட்டல் கேட்டது.

ஜூலை 21, திங்கள்

பதினோரு வருஷம். தண்ணி வரலன்னா நான், குழாய் உடைஞ்சா நான். ஒரு வார்த்தை — வீட்லயே, தனியா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லியிருக்கிறாள். பதினொரு முறை. சாட்சிகளும் உண்டு.

ஜூலை 22, செவ்வாய்

புதிய செயலாளர் மாடிக் கதவைத் திறந்தார். நான் மேலே போகவில்லை. தலைவலி.

ஜூலை 26, சனி

மகள் பதினெட்டுப் பக்க அறிக்கையையும் கல்லூரியின் ஒப்புதல் படிவத்தையும் என் மேசையில் வைத்தாள். அறிக்கையில் விவரிக்கப்படுபவர் இரண்டு சாட்சிகள் முன் ஒப்பமிட்டாலன்றிப் பேராசிரியை அதை ஏற்கமாட்டார்.

“நான் கையெழுத்துப் போடலன்னா?”

“வேற சங்கம் தேடி, முதல்லேருந்து திரும்பச் செய்யணும். பரவால்லப்பா. அது உங்க உரிமை.”

அவள் கெஞ்சியிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

ஆகஸ்டு 2, சனி

பதினெட்டுப் பக்கங்களை ஏழு நாள் படித்தேன். என்னைக் குறித்து எழுதியிருப்பது: ‘நேர்மையானவர். எவர் வீட்டில் குழாய் உடைந்தாலும் முதலில் வருபவர். கேட்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்காதவர்.’ மூன்று வாக்கியங்களையும் தனித்தனியே மறுக்க முயன்றேன். முதல் இரண்டை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

ஆயினும் பக்கம் 16, வரி 4 தவறு. மகளைக் கூப்பிட்டேன். மனைவியும் வந்தாள், தைக்கக் கொடுத்த சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று கேட்க வந்திருந்த தையற்கார அம்மாளும் வாசலில் நின்றார்.

“‘முடிவை அவர் வருத்தமின்றி ஏற்றுக்கொண்டார்’னு எழுதியிருக்க. இது பொய். இத வச்சுக்கிட்டு நான் ஒப்பமிட முடியாது.”

“உங்களுக்காகத்தான்பா அப்படி எழுதினேன்.”

“எனக்காக எழுதக் கூடாது. வருத்தம் இருந்தது. ஒன்பது நாள். கோபமும் சேர்த்து.”

“பத்து” என்றாள் மனைவி.

“பத்துன்னே எழுது.”

மகள் அந்த வரியை அடித்து, மேலே என் சொற்களை எழுதினாள். திருத்தத்தின் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழ்க்கண்டவாறு நிறைவேற்றினேன்:

படித்துப் பார்த்தேன். திருத்தத்துடன் உண்மை.

(ஒப்பம்) செயலாளரின் கணவன்

சாட்சிகள்:
1. செயலாளர்
2. மூன்றாம் மாடித் தையற்காரர்