கனம் நீதிபதிக்குப் பல் வலி

மார்ச் 3

என் அருமை வாலுக்கு, அதாவது இந்த ஊர் நீதிமன்றத்தின் புத்தம் புதிய கனம் நீதிபதி அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் சுகமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் யாரை விசாரிக்க வேண்டுமோ விசாரித்துவிடுவேன்.

என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மேல் ஆணையாகச் சொல்கிறேன். இப்போது நான் எழுதப்போவதை உலகத்தில் ஒரு ஜீவன் நம்பாது. நீயும் நம்பாதே, மரியாதை கெட்டுவிடும்.

முந்தாநாள் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, புது லென்ஸைச் சோதித்துப் பார்க்க என் பேப்பரை எடுத்து உரக்கப் படித்தார். "நம்ம ஊர் கோர்ட்டுக்குப் புது ஜட்ஜ், பொம்பளை" என்று படித்து, உன் பேரையும் படித்தார். நான் துள்ளிய துள்ளலில் தலை மின்விசிறியில் இடித்து, விசிறி இரண்டு நாளாகப் பின்பக்கமாகச் சுற்றுகிறது. அலமாரியில் இருந்த நானூறு கண்ணாடி பிரேமும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தன. பெரியவருக்கு லென்ஸை இனாமாகக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது பொருந்தக்கூட இல்லை.

நீ ஜட்ஜாகி ஒன்பது வருஷம், ஐந்து ஊர். ஒவ்வொரு ஊரும் ஒரு ராத்திரி பஸ் தூரம். இப்போது நாலே தெரு! என் லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தை நீ கத்திக் கத்திப் படித்ததில், கண்ணாடி வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் வக்கீலாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. உன் அம்மா படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். இருந்திருந்தால் அக்கா எனக்கு முன்னால் துள்ளியிருப்பாள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஆறு வருஷமாக உன் கோர்ட்டில் என் வழக்கு ஒன்று கிடக்கிறது. எதிரி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். தன் ஏசி பெட்டியை என் ஜன்னலுக்கு நேராக மாட்டியிருக்கிறான் அந்த மகானுபாவன். அது ஊதுகிற அனலில் என் முன்னறை மெழுகுவத்தி தானாகக் குனிந்து கும்பிடுகிறது. அவன் பல் பிடுங்கும்போது எழும் அலறலைக் கேட்டு மூன்று தெரு நாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டன. ஆறாம் தேதி வாய்தா. நீ பார்த்துக்கொள்ள மாட்டாயா என்ன!

இப்படிக்கு,
தலை வீங்கிய (விசிறியாலும் பெருமையாலும்)
மாமா

---

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுவதும் சிரித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கு நடத்துகிறவர் அதைப் பற்றி நீதிபதிக்குத் தனியாக எழுதக் கூடாது மாமா. எழுதினால் நீதிபதி அதை மறைக்கக் கூடாது. இன்று காலை வழக்கைக் கூப்பிட்டதும், "வாதி என் தாய்மாமா, எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்" என்று இரண்டு வக்கீல்களிடமும் சொல்லி, கடிதத்தைக் கோர்ட் பைலில் சேர்த்துவிட்டேன். நான் இதை விசாரிக்க முடியாது, வேறு கோர்ட்டுக்கு மாற்றுங்கள் என்று மேலே ஜில்லா கோர்ட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

டாக்டரின் வக்கீல் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். எங்கள் கிளார்க் நல்ல குரல் வளம் உள்ளவர். 'என் அருமை வாலுக்கு' என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வழக்கு எங்கே நடந்தாலும் சரி, முடிகிறவரை நான் உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன். நீங்களும் இங்கே வர வேண்டாம். 'ஜட்ஜோட மாமா' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த டாக்டர் எந்தக் கோர்ட்டை நம்புவார்? போனும் வேண்டாம். கடிதமாக இருந்தால் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். வழக்கைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அறை ஜன்னலிலிருந்து உங்கள் கடை போர்டு பாதி தெரிகிறது.

உங்கள்
வாலு

---

மார்ச் 9

கனம் பொருந்திய நீதிபதி அவர்களின் சமூகத்துக்கு,

கோர்ட் பைலில் தாள் எண் எழுபத்தி ரெண்டாக மாறிவிட்ட ஒரு தாய்மாமன் எழுதுவது.

வழக்கைப் பற்றி மூச்சு விடமாட்டேன். ஆனால் பொதுவாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வாசலில் வைத்துக் கேட்டதைச் சொல்லலாம் அல்லவா?

"என்ன கண்ணாடிக்காரரே, மெழுகுவத்தி இன்னும் கும்பிடுதா?"

"உங்களைப் பத்தி எழுதினது பாதிதான் டாக்டரே. மீதிக்குப் பேப்பர் பத்தலை."

"நாய்ங்க திரும்பி வந்தா சொல்லி அனுப்புங்க. ஒரு நாய்க்குக் கூட இன்னும் நான் பல் பிடுங்கலை."

கேட்டாயா திமிரை! இந்த வழக்கை நான் விடுவேனா? ஆறு வருஷம் சோறு ஊட்டி வளர்த்திருக்கிறேன். (இந்த வரியை நீ படிக்காதே. அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.)

நேற்று சாயங்காலம் கடைக்கு எதிரே நீ நடந்து போனாய். பின்னால் ஒரு போலீஸ்காரர். நீ தரையைப் பார்த்தாய், நான் கையில் இருந்த லென்ஸைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பட்டம் கொடுக்கலாம், அப்படி ஒரு நடிப்பு. நீ மெலிந்திருக்கிறாய். உன் கண்ணாடி இடது பக்கம் சரிந்திருக்கிறது, ஒரு திருகு முடுக்கினால் போதும். அதற்கும் மேலே எழுதிக் கேட்க வேண்டுமா?

வருத்தமெல்லாம் இல்லை. சும்மா சொல்கிறேன்.

மாமா

---

ஏப்ரல் 18

அன்புள்ள மாமாவுக்கு,

வழக்கைப் பக்கத்து ஊர் கோர்ட்டுக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நேற்று ஒருவனுக்கு மூன்று வருஷம் சிறை என்று எழுதினேன். சாட்சியம் தெளிவாக இருந்தது, தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. படித்து முடித்ததும் அவன், "அம்மா, என் செருப்பு வெளியில கிடக்கு, எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் செருப்புதான் கண்ணில் நிற்கிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு நாள் வந்தால் உங்களுக்குப் போன் போடுவேன். ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஏதாவது ஒரு புளுகை அவிழ்த்துவிடுவீர்கள், நான் தூங்கிப்போவேன். இந்த வேலையில் ஊரே வந்து என்னிடம் சொல்கிறது. நான் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்று. கடைவாய்ப் பல் இரண்டு வாரமாகக் குத்துகிறது. இந்த ஊரில் பல் டாக்டர் ஒருவர்தான், அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் மாமாவோடு வழக்காடுகிறவர் முன்னால் நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார முடியாது. அவர் காசு வாங்காவிட்டாலும் பேச்சு, வாங்கினாலும் பேச்சு. வெளியூர் போக லீவு இல்லை. அது கிடைக்கிறவரை கிராம்பை அடக்கிக்கொண்டு சாட்சி கேட்க வேண்டியதுதான். முகம் கடுகடுவென்று இருப்பதால் வக்கீல்கள் வாய்தா கேட்கவே பயப்படுகிறார்கள். வழக்குகள் ஓட்டமாக ஓடுகின்றன.

நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று இதை எழுதவில்லை.

வாலு

---

ஏப்ரல் 28

என் அருமை வாலுக்கு,

நடந்ததைக் கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை குடையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தேன். அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் யானைக்குப் பல் பிடுங்குகிற கொறடு ஒன்றைக் கையில் எடுத்தார். குடைக்கும் கொறடுக்கும் மூன்று மணி நேரம் யுத்தம். காத்திருந்த நோயாளிகள் பயத்தில் தங்கள் பல்லைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் நான் கால் தடுக்கி அவருடைய நாற்காலியில் விழ, அவர் ஏதோ பொத்தானை மிதிக்க, நாற்காலி என்னைத் தூக்கிக்கொண்டு கூரைவரை போயிற்று. அங்கிருந்து நான் முழங்கினேன்: "வழக்கை வாபஸ் வாங்குகிறேன்!" டாக்டர் மூர்ச்சையாகிவிட்டார். வாய் கொப்பளிக்கிற தண்ணீரைத் தெளித்து எழுப்பினேன்.

போன திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், பக்கத்து ஊர் கோர்ட்டுக்குப் போனோம். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் புது வழக்கு ஒன்று பிறக்கப் பார்த்தது. வாதியும் எதிரியும் ஒரு டிபன் டப்பாவில் சாப்பிடுவதைப் பார்த்து அந்த ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (மட்டமான பிரேம்.) கோர்ட் கூரைப் புறாக்கள் எழுந்து நின்று கைதட்டின.

இதையெல்லாம் நீ நம்பமாட்டாய் என்று தெரியும். வழக்கு முடிந்ததற்கு முத்திரை போட்ட நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். ஏசி பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, இன்னும் ஊதுகிறது. நீ வந்தால் பின்னறையில் உட்காரலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் உனக்கு நேரம் குறித்திருக்கிறார். எல்லாரிடமும் வாங்குகிற பீஸை உன்னிடமும் வாங்கிக்கொள்வார், ரசீதும் தருவார். அது முடிந்து வீட்டுக்கு வா. வாய் மரத்துப்போயிருக்கும், அதனால் நீ பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். அந்தச் செருப்புக்காரனைப் பற்றி, வாய் சரியான பிறகு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லு. அன்றைக்கு நான் புளுகமாட்டேன்.

குடை, கொறடு, புறா எல்லாம் என் கைச்சரக்கு. டாக்டர் வீட்டில் நடந்ததில் ஒரே ஒரு இடம் மட்டும் நிஜம், அதை நான் மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன். நான் போய் நின்றதும் டாக்டர், "ஆறு வருஷமா விடாதவர், இப்ப ஏன் விடறீங்க?" என்று கேட்டார். பெரிய வசனம் ஒன்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது, "பிள்ளைக்குப் பல் வலிக்குதுய்யா" என்பதுதான். அவர் நேரம் குறிக்கிற டைரியை எடுத்தார்.

மாமா