சட்டி நாலாம் நாள், வெள்ளிமலையில்

அண்ணை,

நேற்று அண்ணி திரான்சியிலிருந்து பாரிஸ் லா ஷப்பலுக்கு வந்து என் கையில் ஒரு கல்லை வைத்தார். கட்டைவிரல் அளவு, கருஞ்சாம்பல் நிறம், திருப்பினால் ஒரு பக்கம் மினுங்குகிறது. "இவரின்ரை குளிர்க் கோட்டுக்குள்ளை கிடந்தது. உங்கடை வெள்ளிமலைக் கல்லோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பொலிவியா போகிற பைத்தியம் உங்களுடையதுதான். ரெஸ்ரோரண்டில் எங்களோடு கோப்பை கழுவியவன் பொத்தோசிக்காரன். தன் ஊர் மலையைக் குடைந்து ஸ்பானியர் வெள்ளி அள்ளிய கதையை அவன் சொல்லத் தொடங்கினால், நீங்கள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிடுவீர்கள். உங்கள் அகதிப் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று இருந்தது. "ஊருக்குப் போக ஏலாது. அப்ப உள்ளதுக்குள்ளை உயரமான இடத்துக்குப் போவம்" என்றீர்கள். சமையலறையைத் திருத்தவென்று முதலாளி இரண்டு கிழமை கடையைப் பூட்டியபோது அவனோடு புறப்பட்டோம். அந்த இரண்டு கிழமைக்குள்தான் கந்தசட்டியும் வந்து தொலைத்தது.

முன்பு நீங்கள் விரதக்காரர் இல்லை. 2009 வைகாசியில் உங்கள் தம்பி காணாமல் போனபின் தொடங்கினீர்கள். ஆறு நாளும் தண்ணீர், பொழுதுபட்டதும் கொஞ்சம் பால். "அவன் வாறவரைக்கும்" என்பது உங்கள் நேர்த்தி. அந்த ஆறு நாளும் உங்களுக்கு முன்னாலேயே கோழிப் பொரியல் தின்றவன் நான். நீங்கள் சிரித்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளிவிடுவீர்கள்.

நாலாம் நாள் சுரங்கம் பார்க்கப் போனோம். நாலாயிரம் மீற்றருக்கும் மேலே. பத்தடி நடக்க மூச்சு முட்டியது. வாசலில் நின்ற தொழிலாளர், மூச்சுக்கு நல்லது என்று கொக்கா இலை தந்தார்கள். "சப்புங்கோ அண்ணை, மருந்துதானே" என்றேன். "வாய்க்குள்ளை போனால் விரதம் முறிஞ்சுது" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். உள்ளே கொம்பு வைத்த சிலை ஒன்று இருந்தது. அவர்கள் அதற்கு இலையும் சிகரெட்டும் படைத்தார்கள். சாமி என்றதும் நீங்கள் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தீர்கள். குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள்.

உங்கள் சொண்டு நீலமாகிவிட்டது. எனக்கு அண்ணை, அண்ணை என்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இரண்டு தொழிலாளர் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உங்கள் ஒற்றைச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மலைக்குக் கீழே இருந்த ஊரில் டொக்டர் சொன்னதை நண்பன் மொழிபெயர்த்தான்: இதயம் பலவீனம், பட்டினி கிடக்கக் கூடாது, பாரிஸ் போனதும் கட்டாயம் காட்ட வேண்டும். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"வீட்டிலை சொல்லிப்போடாதை. சொன்னால் விரதத்தை விடச் சொல்லுவாள்."

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் ஒருவரிடமும் காட்டவில்லை. இன்னும் இரண்டு சட்டி பிடித்தீர்கள். மாசியில் ஒருநாள் லா ஷப்பல் மெட்ரோப் படியில் ஏறும்போது களைப்பாற இருந்தீர்கள், எழும்பவில்லை. "முதல் ஏதும் வருத்தம் இருந்ததோ?" என்று அண்ணி கேட்டபோது இல்லை என்றேன். உங்களுக்குக் கொடுத்த சொல் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் பயம், அண்ணை.

நேற்றுக் கல்லைத் தந்துவிட்டு அண்ணி சொன்னார்: "இந்த முறை சட்டியை நான் பிடிக்கப் போறன். இவர் விட்டிட்டுப் போன நேர்த்தியெல்லோ?" அண்ணியோ நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் போடுகிறவர்.

"டொக்டரைக் கேட்டனீங்களோ?"

"இவர் எத்தனை வருசம் பிடிச்சவர். ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நீங்கள் விடுங்கோ அண்ணி. நான் பிடிக்கிறன்."

"நீரோ? கோழி இல்லாமல் ஒரு நாள் இருக்கமாட்டீரே."

"இருப்பன்."

"அவன் வாறவரைக்கும், வருசா வருசம்."

ஓம் என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடுத் தெருவில் அழுதார்.

இன்று முதல் நாள். கடை அடுப்பில் மற்றவர்களுக்குக் கோழி பொரிகிறது; எனக்குத் தண்ணீர்தான். கல் என் சட்டைப்பையில் கிடக்கிறது. உங்கள் தம்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். பின்னேரம் அண்ணி ரெலிபோன் எடுத்தார். "தலை கிலை சுத்துதோ? ஏதும் செய்யுதோ?"

"ஒண்டும் செய்யேல்லை, அண்ணி" என்றேன்.